கடைசி இரவில் எழுதும் அரைப் பக்கம்

"மேடம், பேப்பர் முடிஞ்சுது. எத்திக்ஸ் பகுதி மட்டும்தான் பாக்கி. பழைய பேப்பர்ல எழுதினது ஏதாவது இருந்தா அனுப்புறீங்களா? மாத்திப் போட்டுக்கிறேன்."

மாநாட்டுக்கு ஆய்வுக்கட்டுரை அனுப்பும் கெடுவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது என் மாணவி இப்படிக் கேட்டாள். எத்திக்ஸ் பகுதி என்பது, ஆய்வால் யாருக்கும் தீங்கு வராமல் எப்படிப் பார்த்துக்கொண்டோம் என்று பேப்பரில் விளக்கும் இடம். என்னிடம் இருந்தது. நாலைந்து இருந்தன. எல்லாமே கடைசி இரவில் கண் எரிய எரிய எழுதியவை. எதையும் அனுப்பவில்லை. அதற்கான காரணத்தை அவளிடம் நேரில் சொன்னதைவிடக் கொஞ்சம் விரிவாக இங்கே எழுதுகிறேன். என்னைப் போலவே தப்புச் செய்துகொண்டிருக்கும் வேறு சிலருக்கும் உதவலாம்.

துறைக்கு வெளியே இருப்பவர்களுக்காகக் கொஞ்சம் முன்கதை. கணினிப் பாதுகாப்பு, அந்தரங்கம் பற்றிய ஆராய்ச்சியில் ஆய்விதழைவிட மாநாட்டுக்குத்தான் மதிப்பு. ஐஇஇஇ செக்யூரிட்டி அண்ட் பிரைவசி, யூசெனிக்ஸ் செக்யூரிட்டி, ஏசிஎம் சிசிஎஸ், என்டிஎஸ்எஸ் என்ற நான்கைத்தான் எல்லோரும் குறிவைப்பார்கள். 1980இல் தொடங்கிய முதலாவதை இன்றைக்கும் 'ஓக்லண்ட்' என்றுதான் சொல்கிறோம். மாநாடு அந்த ஊர்ப்பக்கத்தை விட்டுப் போய்ப் பல வருடமாகிவிட்டது, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. பக்கத்தைச் செய்தித்தாள்போல இரண்டு நெடும்பத்தியாகப் பிரித்துப் பன்னிரண்டு, பதின்மூன்று பக்கம் எழுதி அனுப்ப வேண்டும். அனுப்புகிற பத்துப் பேப்பரில் எட்டு திரும்பி வந்துவிடும். கெடு பெரும்பாலும் 'பூமியில் எங்காவது' என்ற கணக்கில் இருக்கும். அதாவது உலக நேரத்துக்குப் பன்னிரண்டு மணி நேரம் பின்தங்கிய மண்டலத்தில் அந்தத் தேதி முடியும்வரை அனுப்பலாம். கருணையோடு வைத்த விதி. ஆனால் உலகம் முழுக்க அத்தனை பேரும் அந்தக் கடைசி ஒரு மணி நேரத்தில்தான் பிடிஎஃபை ஏற்றிக்கொண்டிருப்பார்கள்.

பேப்பரில் எழுதியவர் பெயர் இருக்கக் கூடாது. அதைப் படித்து ஏற்கலாமா என்று சொல்லும் ரிவ்யூவரின் பெயரும் நமக்குத் தெரியாது. நம் பழைய வேலையைக்கூட வேறு யாரோ செய்ததுபோல 'அவர்கள் காட்டியதுபோல' என்று எழுத வேண்டும். இதில் ஒரு வேடிக்கை. அந்தரங்கக் கசிவைப் பற்றிப் பதின்மூன்று பக்கம் எழுதிவிட்டு, பிடிஎஃப் கோப்பின் பண்புகளில் தன் பெயரையும் கணினிப் பெயரையும் அப்படியே விட்டு அனுப்பியவர்களைப் பார்த்திருக்கிறேன். கறுப்புக் கட்டம் போட்டு மறைத்த வரியை மவுஸால் இழுத்து நகலெடுத்தால் கீழே இருந்த எழுத்து முழுசாக வந்து விழுந்த பேப்பரும் உண்டு. நானும் ஒருமுறை குறியீட்டுக் களஞ்சியத்தின் முகவரியில் என் பெயரை விட்டிருக்கிறேன், அதனால் ரொம்பச் சிரிக்க மாட்டேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

சில வருடங்களுக்கு முன் நாங்கள் ஒரு வகை மொபைல் செயலிகளை ஆராய்ந்தோம். அதில் ஒன்றின் சேமிப்பகம் பூட்டாமல் கிடந்தது. முகவரி தெரிந்தால் யார் வேண்டுமானாலும் உள்ளே போகலாம். பயனர்கள் ஏற்றிய அடையாள அட்டைப் படங்கள் அதில் இருந்தன. உண்மையான ஆட்களுடையவைதானா, வெறும் சோதனைப் படங்களா என்று உறுதி செய்யச் சிலவற்றைத் திறந்து பார்த்தோம். எவ்வளவு பெரிய ஓட்டை என்று கணக்குக் காட்ட வேண்டுமே என்று இன்னும் கொஞ்சம் இறக்கினோம். அன்றைக்கு அது எனக்கு உறுத்தவே இல்லை. கண்டுபிடித்த உற்சாகம்.

டெட்லைன் இரவில் எத்திக்ஸ் பகுதி எழுதினேன். "தரவுகளைப் பொறுப்புடன் கையாண்டோம். நிறுவனத்துக்குத் தகவல் தெரிவித்தோம். எந்தப் பயனருக்கும் தீங்கு நேரவில்லை." மூன்று வாக்கியம், அரைப் பக்கம்கூட இல்லை.

ரிவ்யூ வந்தது. முதல் இரண்டு பேருக்கும் பேப்பர் பிடித்திருந்தது. மூன்றாமவர் கேள்விகளாக அடுக்கியிருந்தார். எத்தனை பேருடைய படத்தைத் திறந்தீர்கள்? ஒன்றே ஒன்றைத் திறந்திருந்தாலும் போதாதா? இறக்கியவை எந்தக் கணினியில் இருந்தன, யார் யாருக்கு அணுகல் இருந்தது, எந்தத் தேதியில் அழித்தீர்கள்? நிறுவனத்துக்கு எப்போது சொன்னீர்கள், ஓட்டை அடைபட்டதா? பேப்பரில் இருக்கும் விவரத்தை வைத்து இன்றைக்கு இன்னொருவர் உள்ளே போக முடியுமா?

மறுமொழி எழுத உட்கார்ந்தேன். ஒரு கேள்விக்கும் பதில் இல்லை. அதாவது பதிலை நாங்கள் குறித்தே வைக்கவில்லை. ஒரு நகல் ஒரு மாணவனின் மடிக்கணினியில் இன்னும் கிடந்தது. நிறுவனத்துக்கு மெயில் போனது கெடுவுக்கு ஆறு நாள் முன்னால். பேப்பர் நிராகரிக்கப்பட்டது. எனக்கு நடந்த நிராகரிப்புகளில் முழுக்க நியாயமானது என்று நான் ஒப்புக்கொள்வது அது ஒன்றைத்தான். மற்றவற்றோடு இன்னும் மனசுக்குள் சண்டை போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

அதிலிருந்து என் கருத்து இதுதான்: எத்திக்ஸ் பகுதியைச் சோதனை தொடங்குவதற்கு முன்னால் எழுத வேண்டும். ஆராய்ச்சி முடிந்தபின் எழுதினால் நடந்துபோனதற்குச் சாக்குத்தான் தேட முடியும். எதையும் மாற்ற முடியாது.

இது சின்ன ஆய்வுக் குழுக்களின் அவசரத்தில் மட்டும் நடக்கும் விஷயமாக நினைத்துவிட வேண்டாம். மினசோட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், யார் வேண்டுமானாலும் திருத்தம் அனுப்பக்கூடிய திறந்த மூல மென்பொருளுக்குள் கெட்ட நோக்கத்தோடு ஒருவர் ஓட்டையைப் புகுத்த முடியுமா என்று பார்க்க, லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலுக்குப் பொய்ப் பெயரில் பழுதான சில திருத்தங்களை அனுப்பினார்கள். பராமரிப்பவர்களிடம் முன்கூட்டிச் சொல்லவில்லை. அந்தப் பேப்பரை 2021 ஓக்லண்ட் மாநாடு ஏற்றுக்கொண்டுவிட்டது. அந்த வருடம் ஏப்ரலில் விவகாரம் வெடித்தது. கெர்னல் பராமரிப்பாளர் கிரெக் குரோவா ஹார்ட்மேன் அந்தப் பல்கலைக்கழகத்திலிருந்து வரும் பங்களிப்புகளை ஏற்க மாட்டோம் என்று அறிவித்தார். அங்கிருந்து அதற்கு முன் வந்திருந்த நூற்றுக்கணக்கான திருத்தங்களையும் பலர் உட்கார்ந்து திரும்பச் சரிபார்க்க வேண்டியதாயிற்று. ஆய்வாளர்கள் பேப்பரைத் திரும்பப் பெற்றார்கள்.

இதில் என்னை உறுத்துவது ஆய்வாளர்கள் செய்தது மட்டும் இல்லை. மனிதர்களை வைத்துச் செய்யும் ஆய்வுகளைச் சரிபார்க்கும் பல்கலைக்கழகத்தின் நெறிமுறைக் குழு 'இது மனிதர்கள் மீதான ஆய்வே கிடையாது' என்று சொல்லியிருந்தது. மாநாட்டின் ரிவ்யூவர்களும் படித்துவிட்டு ஏற்றுக்கொண்டார்கள். இரண்டு வாசலிலும் காவல் இருந்தும் உள்ளே போய்விட்டது. பழுதான திருத்தத்தைப் படித்துப் பார்க்கிறவர் ஒரு மனிதர், அவருடைய நேரத்தைக் கேட்காமல் எடுத்துக்கொள்கிறோம் என்பது யாருக்கும் தோன்றவில்லை. மென்பொருளைச் சோதித்ததாகத்தான் எல்லோரும் நினைத்தார்கள்.

நெறிமுறைக் குழுக்களைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். பல இடங்களில் அவை மருத்துவ ஆய்வுக்காக உருவானவை. நான் ஒருமுறை நிரப்பிய படிவத்தில், பங்கேற்பாளர்களிடமிருந்து இரத்த மாதிரி எடுப்பீர்களா, எவ்வளவு, என்று கேட்டிருந்தது. ஐபி முகவரி எடுப்பேனா என்று எங்கும் கேட்கவில்லை. அந்தக் குழுவின் முத்திரையை வாங்கிவிட்டால் நம் கடமை முடிந்தது என்று நினைப்பது பெரிய பிசகு. இந்தக் குறையை மனதில் வைத்துத்தான் 2012இல் மென்லோ அறிக்கை வந்தது. மனிதர்கள் மீதான ஆய்வுக்கான பழைய பெல்மான்ட் அறிக்கையின் மூன்று கொள்கைகளான மனிதருக்கு மரியாதை, நன்மை செய்தல், நீதி ஆகியவற்றைக் கணினித் துறைக்குப் பொருத்தி, நான்காவதாகச் சட்டத்துக்கும் பொதுநலனுக்கும் மதிப்பு என்பதைச் சேர்த்தார்கள். படிக்கப் பெரிய சிரமமில்லை. ஆனால் அதை மேற்கோள் காட்டுகிறவர்களில் எத்தனை பேர் திறந்து பார்த்திருப்பார்கள் என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. நானே மேற்கோள் காட்டி ரொம்ப நாள் கழித்துத்தான் படித்தேன்.

அடுத்தது, ஓட்டையைச் சம்பந்தப்பட்டவர்களிடம் சொல்லும் விஷயம். பலர் இதைக் கெடுவிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுகிறார்கள். கூகுளின் ஓட்டை தேடும் குழுவான ப்ராஜெக்ட் ஜீரோ, ஓட்டையைச் சரிசெய்ய நிறுவனத்துக்குக் கொடுக்கும் 90 நாள் கணக்கைப் பிடித்துக்கொண்டு, 'கெடு இந்தத் தேதி, மாநாடு அந்தத் தேதி, நடுவில் தொண்ணூறு நாள் தாராளமாக இருக்கிறது' என்பார்கள். சாதாரண இணையதளத்துக்கு அது போதும். சில்லுக்குள் இருக்கும் ஓட்டைக்கு? மெல்ட்டவுன், ஸ்பெக்டர் பற்றி 2017 ஜூனில் இன்டெலுக்குச் சொன்னார்கள். 2018 ஜனவரி 3ஆம் தேதி வெளியே வந்தது, அதுவும் திட்டமிட்டதற்கு ஒரு வாரம் முன்னால். அரை வருடத்துக்கு மேல். மெல்ட்டவுன் பேப்பர் அந்த வருட யூசெனிக்ஸிலும், ஸ்பெக்டர் பேப்பர் 2019 ஓக்லண்டிலும்தான் வந்தன. காத்திருந்ததால் அந்தப் பேப்பர்களின் மதிப்பு ஒரு துளியும் குறையவில்லை.

மறுபக்கமும் உண்டு. சொல்ல வேண்டியதை முன்கூட்டியே சொன்னவர்களும் மாட்டியிருக்கிறார்கள். கார்களின் சாவியில் இருக்கும் மெகாமாஸ் என்ற சில்லின் மறையாக்கத்தை உடைத்த பேப்பர் 2013 யூசெனிக்ஸில் வந்திருக்க வேண்டியது. ஃபோக்ஸ்வாகன் தரப்பு இங்கிலாந்து நீதிமன்றத்தில் தடை வாங்கிவிட்டது. 2015இல் ஒரே ஒரு வாக்கியத்தை நீக்கிவிட்டு வெளியிட்டார்கள். ஒரு வாக்கியத்துக்கு இரண்டு வருடம். பெரிய பல்கலைக்கழகத்துக்கு வழக்கறிஞர் இருப்பார். சின்னக் கல்லூரியில் இருக்கும் இருவர் குழுவுக்கு ஒரு வக்கீல் நோட்டீஸ் வந்தாலே ஆராய்ச்சி நின்றுபோகும். இதை எந்த மாநாட்டு அறிவிப்பும் பேசுவதில்லை. 'பொறுப்புடன் தெரிவியுங்கள்' என்று நம்மிடம் சொல்கிறவர்கள், தெரிவித்ததற்காக மிரட்டப்பட்டால் யாரிடம் போவது என்றும் ஒரு வரி சேர்க்கலாம்.

இன்னொரு சிக்கல்: நிறுவனத்துக்கு மெயில் நம் சொந்தப் பெயரில்தான் போகும். அந்த நிறுவனத்தில் வேலை செய்கிறவரே ரிவ்யூவராகவும் இருக்கலாம். பெயர் மறைப்பு அங்கேயே கழன்றுவிடும். அதற்குப் பயந்து மெயிலைத் தள்ளிப்போடுகிறவர்களை எனக்குத் தெரியும். என்னைக் கேட்டால், பெயர் தெரிந்தால் தெரிந்துவிட்டுப் போகட்டும். பூட்டாத கதவுக்குப் பின்னால் இருப்பவர்கள் நம் ரிவ்யூ முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

'எத்திக்ஸ் எவ்வளவு எழுதினாலும் எல்லாம் அதிர்ஷ்டம்தானே' என்று நண்பர் ஒருவர் சொன்னார். அதிர்ஷ்டம் உண்டு, மறுக்கவில்லை. 2014இல் நியூரிப்ஸ் மாநாட்டில் 166 பேப்பர்களை இரண்டு தனித்தனிக் குழுக்களிடம் கொடுத்துப் பார்த்தார்கள். ஒரு குழு ஏற்றதில் பாதிக்கும் மேலானவற்றை மற்றக் குழு நிராகரித்தது. அது இயந்திரக் கற்றல் மாநாடு, ஆனால் நம் பக்கம் நிலைமை பெரிதாக வேறுபடும் என்று தோன்றவில்லை. முன்கூட்டி ரகசியச் சாவியைப் பகிர்ந்துகொள்ளாமலே ரகசியமாகப் பேச வழிசெய்யும் பொதுச்சாவி மறையாக்கத்தின் முன்னோடிகளில் ஒருவரான ரால்ஃப் மெர்க்கிள் 1975இல் அனுப்பிய கட்டுரை அச்சில் வந்தது 1978இல். இன்றைய மறையாக்கச் சிந்தனையின் போக்கோடு ஒட்டவில்லை என்பதுபோல ஒரு ரிவ்யூவர் எழுதியிருந்தார். அதற்குள் டிஃபியும் ஹெல்மனும் 1976இல் பொதுச்சாவி மறையாக்கம் பற்றிய தங்கள் கட்டுரையை வெளியிட்டுவிட்டார்கள். ஆக, ரிஜெக்ட் வந்தால் உடைந்துபோகாதீர்கள், அடுத்த சுழற்சி இருக்கிறது. ஆனால் புதுமை போதாது என்ற ரிவ்யூவை அதிர்ஷ்டக் கணக்கில் எழுதுவதுபோல, 'யாருடைய தரவு, எப்போது அழித்தீர்கள்' என்ற ரிவ்யூவையும் எழுதிவிட முடியாது. அதற்கு ஒன்று பதில் இருக்கும், அல்லது இருக்காது.

யூசெனிக்ஸ் செக்யூரிட்டி 2025 முதல் இந்தப் பகுதியைக் கட்டாயமாக்கியிருக்கிறது. நல்லதுதான். ஆனாலும் பயமாகவும் இருக்கிறது. கட்டாயமாக்கிய எதுவும் கொஞ்ச நாளில் படிவமாகிவிடும். இப்போதே நான் ரிவ்யூ செய்யும் பேப்பர்களில் ஒரே அச்சில் வார்த்த வாக்கியங்கள் வரத் தொடங்கிவிட்டன. 'தீங்குகளைவிட நன்மைகள் அதிகம் என்று கருதுகிறோம்.' யார் கருதுகிறீர்கள், எப்போது உட்கார்ந்து கருதினீர்கள்?

மாணவியிடம் திரும்ப வருகிறேன். அவளுடைய ஆய்வு நல்ல ஆய்வு. வாடிக்கையாளர் சேவை மையங்களுக்குப் போன் செய்து, சரிபார்ப்புக் கேள்விகளுக்குத் தப்பான பதில் சொன்னாலும் கெஞ்சிக் கேட்டால் கணக்கைத் திறந்துவிடுகிறார்களா என்று பார்த்தாள். கணக்குகள் எல்லாம் அவளுடையவையே. அதனால் யாருக்கும் பாதிப்பில்லை என்று நினைத்திருந்தாள். நானும் ஆரம்பத்தில் அப்படித்தான் தலையாட்டியிருந்தேன்.

பழைய பகுதியை அனுப்பாமல் அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்து, பேப்பரின் இரண்டாவது அட்டவணையைத் திறக்கச் சொன்னேன். நிறுவனம், அழைத்த தேதி, நேரம், ஊழியர் விட்டுக்கொடுத்தாரா இல்லையா என்று வரிசையாக இருந்தது.

"இந்தத் தேதியில, இந்த நேரத்துல போனை எடுத்தது யாருன்னு அந்தக் கம்பெனி தேடிப் பார்த்தா?"

கொஞ்ச நேரம் பேசவில்லை. கெஞ்சினதுக்கு இரங்கி உதவி செய்த ஆளைத்தான் முதலில் வேலையை விட்டு அனுப்புவார்கள் என்பது அவளுக்கே புரிந்துவிட்டது. "நேரத்தை எடுத்துடறேன் மேடம். தேதியையும் எடுத்துடறேன். நிறுவனத்துப் பேருக்குப் பதிலா 'ஏ', 'பி'ன்னு போட்டுடலாம்" என்று அட்டவணையைத் திருத்த ஆரம்பித்தாள். பாதியில் கையை எடுத்துவிட்டாள்.

"மேடம், போன வாரம் அந்தக் கம்பெனிகளுக்கு மெயில் அனுப்பினேன்ல, அதுல ஆதாரத்துக்குன்னு இந்த டேபிளையும் இணைச்சு அனுப்பிட்டேன்."