மரை கழண்ட கார்

(கோயம்புத்தூர் ஆவாரம்பாளையத்தில் ஒரு பட்டறை. சுற்றிலும் லேத் சத்தம். நடுவில் 1952-ஆம் வருஷத்து எம்.ஜி. டிடி, இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய சிவப்புக் கார், வயிறு திறந்து கிடக்கிறது. மெக்கானிக் முத்துசாமிக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. செல்வராஜ் நூல் மண்டியில் கணக்கெழுதுகிறவர். கார் மாமனார் வீட்டிலிருந்து வந்தது. வந்தது என்றால், லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தது.)

செல்வராஜ்: ஏனுங்ணா, உடனே வாங்க, தனியா வாங்கன்னு போன்ல சொன்னீங்க. பயந்துட்டேன். அட்வான்ஸ் விஷயம்னா அடுத்த வாரம்...

முத்துசாமி: அது கெடக்குதுங்க தம்பி. முதல்ல உட்காருங்க. உங்க ரேடியேட்டரைத் திறந்தேன். (ஒரு எவர்சில்வர் டம்ளரை நீட்டுகிறார்.) மோந்து பாருங்க.

செல்வராஜ்: ரசமா?

முத்துசாமி: மஞ்சத்தூள். ரேடியேட்டர் ஒழுகினால் ஒரு கைப்பிடி மஞ்சத்தூள் போடுவது லாரிக்காரங்க கைவைத்தியம். ஓட்டையில் போய் அடைச்சுக்கும், ஊர் போய்ச் சேர்ந்துடலாம். போய்ச் சேர்ந்ததும் பற்றவைச்சுடணும். உங்க வண்டி ஊர் போய்ச் சேர்ந்து எத்தனையோ வருஷம் ஆச்சு, மஞ்சள் மட்டும் விழுந்துகிட்டே இருந்திருக்கு. அடியில் களி கிண்டி வச்சிருக்குதுங்க.

செல்வராஜ்: பெட்ரோல் டேங்காவது...

முத்துசாமி: பார் சோப்பு தேய்ச்சு அடைச்சிருக்காங்க.

செல்வராஜ்: இது காருங்களா, மளிகைக் கடைங்களா?

முத்துசாமி: மளிகைக் கடையில் தராசு இருக்கும். இங்கே அளவே இல்லை. இதைப் பாருங்க.

(சட்டைப்பையிலிருந்து ஃபிரிட்ஜில் ஒட்டுகிற பிள்ளையார் காந்தம் ஒன்றை எடுக்கிறார். முன் மட்கார்டில் வைக்கிறார், பிள்ளையார் ஒட்டிக்கொள்கிறார். பின் மட்கார்டில் வைக்கிறார், பிள்ளையார் கீழே விழுகிறார்.)

செல்வராஜ்: ஐயோ, பிள்ளையாரே கைவிட்டுட்டாரே!

முத்துசாமி: இரும்பு இருந்தால்தானுங்க பிடிப்பார்? இது முழுக்கப் பட்டி. ஒரு விரல் கனம். துருவை வெட்டி எடுத்துத் தகடு வைக்கச் சோம்பல்பட்டு, ஓட்டைக்குள் பழைய பேப்பரைத் திணிச்சு, மேலே பட்டி பூசி, பெயின்ட் அடிச்சுட்டான். மஞ்சத்தூள் போட்டவனைக்கூட மன்னிச்சுடலாம், அவன் வழியில் நின்னவன். இவன் நிழலில் உட்கார்ந்து நிதானமாப் பொய் சொல்லியிருக்கான். (கசங்கிய காகிதத்தை நீட்டுகிறார்.) அந்தப் பேப்பர்தான் இது. ராசிபலன் பக்கம்.

செல்வராஜ்: மீனம்... 'வாகன யோகம் உண்டு'. அண்ணா, நான் மீன ராசி!

முத்துசாமி: அதுக்கு அடுத்த வரியையும் படிங்க.

செல்வராஜ்: 'வீண் செலவு.' (மடித்துப் பையில் வைத்துக்கொள்கிறார்.) எந்தப் படுபாவி செஞ்ச வேலை இது?

முத்துசாமி: ஒருத்தன் இல்லைங்க, நாலு பேராவது இருப்பாங்க. கைரேகை மாதிரி தெரியுது. ஒருத்தன் எந்த ஸ்குரூவையும் உளி வச்சுத்தான் திருகுவான். ஒருத்தன் ஒயர் ஜாயின்ட்டுக்குப் புண்ணுக்குப் போடுகிற பிளாஸ்திரி சுற்றுவான். ஆனால் இந்த எஞ்சினைத் தொட்டவன் இருக்கானே, அவன் தனி. (ஒரு போல்ட்டைக் கையில் தருகிறார்.) இதுக்கு என்ன ஸ்பேனர் போடுவீங்க?

செல்வராஜ்: ராத்திரி ராத்திரியாப் படிச்சிருக்கேனுங்க. இங்கிலீஷ் கார், அதனால் இங்கிலீஷ் ஸ்பேனர். விட்வொர்த்.

முத்துசாமி: சபாஷ். மரை?

செல்வராஜ்: அதுவும் இங்கிலீஷ்தானே?

முத்துசாமி: அங்கேதான் எல்லாரும் விழுந்தாங்க. தலை இங்கிலீஷ், மரை மில்லிமீட்டர். 8 மில்லி கனம், மரைக்கு மரை இடைவெளி 1 மில்லி.

செல்வராஜ்: தலை ஒரு நாடு, உடம்பு ஒரு நாடுங்களா?

முத்துசாமி: கதை இருக்குதுங்க. முதல் உலகப் போர் சமயத்தில் ஹாட்ச்கிஸ் என்கிற பிரெஞ்சுக் கம்பெனி இங்கிலாந்தில் கோவென்ட்ரியில் ஆலை போட்டது. 1923-ல் மோரிஸ் கார்க்காரர் அதை வாங்கினார். உள்ளே இருந்த மிஷின் எல்லாம் மில்லிமீட்டரில் வெட்டுகிற மிஷின். எல்லாத்தையும் தூக்கிப் போட்டுப் புதுசு வாங்கினால் கட்டுபடியாகாது. அதனால் மரையை மில்லிமீட்டரிலேயே வெட்டினாங்க. ஆனால் ஊரில் மெக்கானிக் கையில் இருப்பது இங்கிலீஷ் ஸ்பேனர். அதனால் தலையை மட்டும் அதுக்கு ஏத்த சைஸில் வச்சாங்க. எம்.ஜி.யும் அவர் கம்பெனிதான், அதனால் அந்தப் பழக்கம் உங்க எஞ்சின் வரைக்கும் வந்துடுச்சு.

செல்வராஜ்: நல்ல சிக்கனம். எனக்கு அந்த ஆளைப் பிடிச்சிருக்கு.

முத்துசாமி: பிடிக்கும், பிடிக்கும். நம்ம ஆள் என்ன பண்ணினார்? தலையைப் பார்த்தார், இங்கிலீஷ்தான்னு முடிவு கட்டினார், 5/16 அங்குல போல்ட்டை எடுத்தார். அது 7.94 மில்லி. இது 8. கண்ணுக்குத் தெரியுங்களா? தெரியாது. முதல் ரெண்டு சுத்து சுகமா ஏறும். மூணாவது சுத்தில் பிடிக்கும். பிடிச்சால் கையெடுக்கணும். இவர் ஸ்பேனர் வாலில் ஒரு பைப்பைச் சொருகித் தொங்கியிருக்கார்.

செல்வராஜ்: எத்தனை இடத்தில்?

முத்துசாமி: எஞ்சினில் மரை கழண்டது பதினேழு இடம். ஆளுக்கு ஒரே இடம்தான்.

செல்வராஜ்: இப்போ என்னங்க பண்றது?

முத்துசாமி: ஓட்டையைக் கொஞ்சம் பெருசாத் துளைச்சு, புது மரை வெட்டி, சுருள் கம்பியை உள்ளே திருகி, மறுபடி 8-க்குக் கொண்டுவரணும். ஒரு ஓட்டைக்கு...

செல்வராஜ்: தனித்தனியாச் சொல்லாதீங்க, நெஞ்சு தாங்காது. மொத்தமாச் சொல்லுங்க. அதையும் பார்த்துச் சொல்லுங்க.

முத்துசாமி: அப்புறம் ஒயரிங். இந்தக் காலத்து வண்டியில் பேட்டரி மைனஸ் பாடிக்குப் போகும். உங்க வண்டிக்குப் பிளஸ்தான் பாடிக்குப் போகணும். அப்படித்தான் செஞ்சு அனுப்பினாங்க. நடுவில் ஒருத்தன் அதைத் திருப்பிட்டான். திருப்புவது தப்பில்லை, பல பேர் செய்வதுதான். ஆனால் பேட்டரி ஏறுதா இறங்குதான்னு முள்ளில் காட்டுகிற அம்மீட்டர் ஒயரையும் சேர்த்துத் திருப்பணும். இவன் அதை மறந்துட்டான்.

செல்வராஜ்: (மெதுவாக) அண்ணா... அப்படீன்னா ஹெட்லைட் போட்டதும் முள்ளு சார்ஜ் பக்கம் ஏறுச்சே...

முத்துசாமி: அது இறங்குகிறதுங்க தம்பி.

செல்வராஜ்: லைட்டைப் போட்டால் பேட்டரி நிறைகிற கார்னு மண்டி முழுக்கச் சொல்லி வச்சிருக்கேனே!

முத்துசாமி: ஃபியூஸ் இடத்தில் சிகரெட் பாக்கெட் ஜரிகைத் தாள் சுத்தியிருந்தது. வண்டி தீப்பிடிக்காமல் விட்டது உங்க நல்ல நேரம்.

செல்வராஜ்: பிரேக்கை அமுக்கினால் பிடிச்சுக்குது, விடவே மாட்டேங்குது. அதில் எந்த விளக்கெண்ணெய் கை வச்சது?

முத்துசாமி: விளக்கெண்ணெயா இருந்திருந்தால் தேவலைங்க! அந்தக் காலத்துப் பிரேக் ஆயிலே விளக்கெண்ணெயும் ஆல்கஹாலும் கலந்ததுதான். இவன் ஊற்றினது எஞ்சின் ஆயில். உள்ளே இருக்கிற ரப்பர் எல்லாம் ஊறிக் குழிப்பணியாரம் மாதிரி உப்பிடுச்சு.

செல்வராஜ்: இந்தப் பிரேக்கை வச்சுக்கிட்டா எங்க மாமனார் மெட்ராஸ் பக்கம் சோழவரம் கார் ரேஸுக்குப் போனார்?

முத்துசாமி: போனார். நானும்தான் கூடப் போனேன். ரெண்டு பேரும் டிக்கெட் வாங்கிட்டுப் போனோம்.

செல்வராஜ்: (நீண்ட மௌனம்) ஓட்டினேன்னு சொன்னாருங்களே.

முத்துசாமி: சோழவரம் வரைக்கும் ஓட்டினார். வால்பாறை எஸ்டேட் துரை ஊருக்குப் போகும்போது 1968-ல் விட்டுட்டுப் போன வண்டி. அப்போ வெளிநாட்டிலிருந்து ஒரு நட்டு வரவழைக்கணும்னாலும் லைசென்ஸ் கேட்பான். இங்கிலாந்தில் அபிங்டன் ஆலையில் 29,000-க்கு மேல் இந்த மாடலைச் செஞ்சாங்க, அதில் முக்கால்வாசிக்கு மேல் அமெரிக்காவுக்குக் கப்பலேறிடுச்சு. ஸ்பேர் அங்கே கிடைக்கும், நமக்கு எங்கே கிடைக்கும்? கிடைச்சதை வச்சுத்தான் ஓட்டணும். எல்லாரையும் திட்ட முடியாதுங்க. இப்படி வாங்க, ஒரு நல்ல வேலையும் காட்டறேன்.

(இரண்டு கதவுகளும் தகடு உரித்து பெஞ்சில் கிடக்கின்றன. இந்தக் காரில் கீல் பின்பக்கம் இருக்கும், கதவின் முன்விளிம்புதான் வெளியே திறக்கும். கொக்கி விட்டால் காற்றே கதவைப் பிடித்து இழுத்துவிடும். இடது கதவில், வீட்டு வாசற்கதவுக்குப் போடுகிற கொண்டி ஒன்று நாலு ஆணியில் தொங்குகிறது.)

செல்வராஜ்: உள்ளே மரமா இருக்கு! கார்க்குள்ளே மரமா?

முத்துசாமி: அடிச்சட்டம் இரும்பு. மேலே பாடி முழுக்க மரச்சட்டம், ஆஷ் மரம். அதுமேல் தகடு போர்த்தினது. மரம் உளுத்தால் கதவு தொங்கும். இந்த வலது கதவைப் பாருங்க. யாரோ ஓர் ஆசாரி, நம்ம ஊர் வேப்ப மரத்தில், நாக்கும் துளையுமா இழைச்சுப் பொருத்தியிருக்கார். ஒரு ஆணி கிடையாது. ஐம்பது வருஷமா ஒரு நூல் விலகலைங்க.

செல்வராஜ்: அதே ஆள் இடது கதவுக்குக் கொண்டி மாட்டினாரா?

முத்துசாமி: அதுதான் எனக்கும் புரியலை. தகட்டை உரிச்சதும் புரிஞ்சது. கண்ணாடி போட்டுக்கிட்டுப் படிங்க, பென்சிலில் எழுதியிருக்கு.

செல்வராஜ்: (குனிந்து, எழுத்துக்கூட்டி) '12-6-74. வேம்பு. கூலி பாக்கி 40 ரூ. வந்ததும் இடது கதவு.'

(பக்கத்து லேத் ஓடி நிற்கிறது. இருவரும் இடது கதவின் கொண்டியைப் பார்க்கிறார்கள்.)

செல்வராஜ்: 74-ல் வண்டி யார்கிட்ட இருந்தது?

முத்துசாமி: அதை என் வாயால் சொல்லணுங்களா?

செல்வராஜ்: (முகம் மெல்ல மலர்கிறது) அண்ணா, கல்யாணத்தன்னைக்குப் பந்தியில் அத்தனை பேர் முன்னாடி 'மாப்பிள்ளைக்குக் கை கொஞ்சம் சுருக்கு'ன்னு சொன்னார். இருபது வருஷமாச் சொல்றார். அந்தத் துண்டை மட்டும் அறுத்துக் கொடுத்துடுங்க. ஃபிரேம் போட்டு வாசலில் மாட்டறேன்.

முத்துசாமி: அறுக்க மாட்டேனுங்க. இந்த வண்டியில் உருப்படியா இருப்பது அந்த ஒரு சட்டம்தான். வேணும்னா போட்டோ எடுத்துக்கோங்க.

செல்வராஜ்: (நாலு கோணத்தில் எடுக்கிறார்) குடும்பக் குரூப்பில் போட்டுடலாங்களா?

முத்துசாமி: அது உங்க தைரியம்.

(முத்துசாமி இடது கதவுக்குப் புதிதாக இழைத்த தேக்குச் சட்டத்தைப் பெஞ்சில் கிடத்துகிறார். தூசியை ஊதிவிட்டு, காதில் செருகியிருந்த பென்சிலை எடுக்கிறார்.)

செல்வராஜ்: என்னங்க எழுதறீங்க?

முத்துசாமி: தேதி. அப்புறம் மரம். தேக்கு.

செல்வராஜ்: அப்புறம்?

முத்துசாமி: (பென்சில் முனையை நாக்கில் தொட்டுக்கொண்டு) 'கூ...லி...'

செல்வராஜ்: அண்ணா, இருங்க, இருங்க! ஜிபே நம்பர் சொல்லுங்க!

முத்துசாமி: சட்டத்தைத் திருப்பிப் பாருங்க. காலையிலேயே எழுதிட்டேன்.