காட்டச் சொன்னதும் நீங்கள்தான், மூடச் சொன்னதும் நீங்கள்தான்

அந்த வீடியோவை நான் இங்கே பகிரப் போவதில்லை. பெரும்பாலானவர்கள் ஏற்கெனவே பார்த்துவிட்டீர்கள். பார்க்காதவர்கள் தேடிப் போய்ப் பார்க்கவும் வேண்டாம். அந்தப் பெண்ணின் முகம் அதில் தெளிவாகத் தெரிகிறது, அவள் அழுகையை அடக்குவதும் தெரிகிறது. சேலையின் வரலாறு என்று சொல்லி நடத்திய கல்லூரி விழா. முதுகு இறக்கித் தைத்த ரவிக்கையோடு அழகாகக் கட்டிக்கொண்டு வந்து நின்றாள். சிறப்பு விருந்தினர் மைக்கைப் பிடித்து, "இதுவா நம்ம பண்பாடு? ஆம்பளைங்கள மயக்குறதுக்குன்னே தச்ச துணி" என்கிறார். கீழே கைதட்டல்.

அவர் பேசியதை விட அந்தக் கைதட்டல்தான் என்னைத் தூங்க விடவில்லை.

"அக்கா, அவர் சொன்ன விதம் தப்பு, ஆனா சொன்ன விஷயம் சரிதானே?" என்று நேற்றிலிருந்து ஆள் மாற்றி ஆள் கேட்கிறீர்கள். இல்லை தம்பி, விஷயமே தப்பு. ஒரு பெண் எதைக் காட்ட வேண்டும், எதை மூட வேண்டும் என்று முடிவு செய்யும் உரிமை தன்னிடம் இருக்கிறது என்று அவர் நினைக்கிறார். கைதட்டியவர்களும் அப்படித்தான் நினைக்கிறார்கள். துணி ஒரு சாக்கு, அவ்வளவுதான்.

நம்ம பண்பாடு என்றால் எந்த வருடத்துப் பண்பாடு? எழும்பூர் அருங்காட்சியகம் அவர் பேசிய மேடையிலிருந்து ஒன்றும் தூரமில்லை. வெண்கலச் சிலைகள் இருக்கும் கட்டடத்துக்குப் போய் நிதானமாகப் பாருங்கள். சோழர் காலத்து அம்மன் மேலாடை இல்லாமல்தான் நிற்கிறாள். இடுப்புத் துணியின் ஒவ்வொரு மடிப்பையும் சிற்பி கோடு கோடாக இழைத்திருப்பார். மேகலை, தோள்வளை, தோளில் வந்து விழும் முடிச்சுருள் எல்லாவற்றிலும் அத்தனை கவனம். பெருமாளுக்கு இரண்டு பக்கமும் நிற்கும் தேவியரில் ஸ்ரீதேவிக்கு மார்புக் கச்சு உண்டு, பூதேவிக்குக் கிடையாது. இதை வடித்தவர்களும் வணங்கியவர்களும் நம் ஆட்கள்தான். அவர்கள் பண்பாடு தெரியாதவர்களா?

சிலப்பதிகாரத்தில் கடலாடு காதையைப் படித்தவர்களுக்குத் தெரியும். ஊடலில் இருக்கும் கோவலன் மகிழ வேண்டும் என்று மாதவி தன்னை அலங்கரித்துக்கொள்கிறாள். பத்து வகைத் துவர்ப்புச் சரக்கு, ஐந்து வகை வாசனைப் பொருள், ஓமாலிகை என்ற 32 வகை மணமூலிகை ஊறிய தண்ணீரில் தலை முழுகி, கூந்தலைப் புகையில் உலர்த்தி, வகிர்ந்து வகிர்ந்து கஸ்தூரிக் குழம்பு பூசி, பாதத்தில் செம்பஞ்சுக் குழம்பு தடவி, அப்புறம்தான் நகைகளே ஆரம்பிக்கின்றன. கால் விரலில் தொடங்கித் தலை வரைக்கும் போகிறது அந்தப் பட்டியல். மயக்குவது அங்கே ஒரு கலை. உட்கார்ந்து கற்றுக்கொண்டு, கை பழகி, பொறுமையாகச் செய்கிற வேலை.

"அவ கணிகை, குடும்பப் பொண்ணு இல்லையே" என்று உடனே வருவீர்கள். சங்கப் பாட்டுத் தலைவியின் தோளிலும் மார்பிலும் தலைவன் சந்தனக் குழம்பால் தொய்யில் என்ற கோலம் எழுதுகிறானே, அவளும் கணிகையா? அலங்கரித்துக்கொண்டால் ஒரு ஜாதிப் பெண், அடக்கமாக இருந்தால் இன்னொரு ஜாதிப் பெண் என்று நம்மைப் பிரித்து வைத்த பிறகுதான் இந்தத் தொல்லையெல்லாம் வந்தது. இதே சென்னையில் பரத நாட்டியக் கலைஞர் பாலசரஸ்வதி வாழ்நாள் முழுக்க அதற்காகத்தானே வாதாடினார்? பரதத்திலிருந்து சிருங்காரம் என்னும் காதல் உணர்வைக் கழுவித் துடைத்துச் சுத்தம் செய்யப் பலர் கிளம்பியபோது, 1975-இல் தமிழ் இசைச் சங்க மாநாட்டில் தலைமையுரையில், சிருங்காரம்தான் எல்லாவற்றுக்கும் மேலான உணர்வு என்று சொன்னார். வீணை தனம்மாளின் பேத்தி சொன்னது. அவரை விடப் பண்பாடு தெரிந்தவரா அந்தச் சிறப்பு விருந்தினர்?

அடுத்தது, எனக்குக் கோபம் தலைக்கேறும் இடம். இன்றைய கன்னியாகுமரி மாவட்டம் அன்று திருவிதாங்கூர். அங்கே நாடார் பெண்கள் மேல்சாதிக்காரர்கள் முன்னால் மார்பை மூடக் கூடாது. மூடினால் அடி. சந்தையில் வைத்து ரவிக்கையைக் கிழித்தார்கள். மார்பை மூடும் தோள்சீலைக்காக நடந்த போராட்டம் நாற்பது வருடத்துக்கு மேல் நீண்டது. 1859 ஜூலையில்தான் மன்னர் அனுமதி கொடுத்தார். அதிலும் உயர்சாதிப் பெண்கள் போடுவது போலப் போடக் கூடாது என்று ஒரு நிபந்தனை. மூடினாள் என்று அன்றைக்கு அடித்தார்கள், மூடவில்லை என்று இன்றைக்கு மைக்கில் அவமானப்படுத்துகிறார்கள். நூற்று அறுபது வருடத்தில் துணியின் அளவு மாறியிருக்கிறது. அதிகாரம் மட்டும் கைமாறவில்லை.

அந்தச் சிறப்பு விருந்தினர் புனிதமாக நினைக்கும் ரவிக்கையே நம் வீடுகளுக்குப் பிந்தி வந்ததுதான். கவிஞர் ரவீந்திரநாத் தாகூரின் அண்ணன் சத்யேந்திரநாத்தின் மனைவி ஞானதானந்தினி தேவி 1860-களில் பம்பாயில் இருந்தபோது பார்சிப் பெண்கள் சேலை கட்டுவதைப் பார்த்து, ரவிக்கையும் உள்பாவாடையும் சேர்த்து ஒரு கட்டு முறையை வங்காளத்துக்குக் கொண்டு போனார். படித்த குடும்பங்களில் அது பரவியது. செய்யாறு பக்கத்தில் இருந்த என் அப்பாவின் பாட்டி கடைசி வரை ரவிக்கை போட்டதே கிடையாது. வயல் வேலை செய்து, பிள்ளைகளை வளர்த்து, ஊரே மதிக்க வாழ்ந்தவர். அவருக்கு என்ன பண்பாடு குறைந்து போயிற்று?

என் அம்மா மயிலாப்பூரில் ஒண்டுக்குடித்தன வீட்டில் மெஷின் போட்டு ரவிக்கை தைத்தவர். நான் பள்ளி விட்டு வந்ததும் காஜா எடுக்க உட்காருவேன், அதனால் அளவு கொடுக்க வரும் அத்தனை பேரையும் பார்த்திருக்கிறேன். பேராசிரியை, பூக்காரம்மா, கோயில் குருக்களின் மருமகள் என்று எல்லாரும் வருவார்கள். மாமியாரோடு வந்தால் "க்ளோஸ் நெக்" என்பார்கள். மறுநாள் தனியாக வந்து, "பின்னாடி ரெண்டு விரல் இறக்கிடுங்கக்கா, வெளியில முந்தானையைப் போத்திக்கறேன்" என்பார்கள். அம்மா ஒரு வார்த்தை கேட்க மாட்டார். சாக்பீஸால் பழைய கோட்டுக்குக் கீழே புதிதாக ஒரு கோடு போடுவார். முந்தானைக்குள் யாருக்கும் தெரியப் போவதில்லை என்றாலும் அந்த ரெண்டு விரல் இறக்கம் அவர்களுக்கு வேண்டும். கட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் நிற்கும்போது அந்த முகங்களைப் பார்த்திருந்தால், ஆம்பளைகளை மயக்கத்தான் என்று யாரும் சொல்ல மாட்டீர்கள்.

சரி, ஆம்பளையை மயக்கத்தான் என்றே வைத்துக்கொள்வோம். அதில் என்ன குற்றம்? தியாகராஜ பாகவதரைப் பார்த்து ஊரெல்லாம் பாகவதர் கிராப்பு வைத்துக்கொண்டு திரிந்தார்களே, அவர்கள் யாரை மயக்க வைத்தார்கள்? நாட்டைக் கெடுத்தார்கள் என்று எந்த மேடையில் திட்டினீர்கள்? அதே பாகவதரோடு 1944-இல் ஹரிதாஸ் படத்தில் நடித்த டி.ஆர்.ராஜகுமாரியைக் கனவுக்கன்னி என்று கொண்டாடிவிட்டு, அவரை மாதிரி அலங்கரித்துக்கொண்ட வீட்டுப் பெண்களைத்தான் திட்டினீர்கள். குதிகால் உயர்ந்த செருப்புகூட ஐரோப்பாவில் முதலில் ஆண்கள் போட்டதுதான். பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயி சிவப்புக் குதிகாலோடு அரசவைக்கு வருவார். ஆண் அலங்கரித்தால் கம்பீரம், பெண் அலங்கரித்தால் மயக்கம். அப்படித்தானே?

"மேல்நாட்டு மோகம்" என்கிறீர்கள். மேல்நாட்டிலும் உங்களைப் போன்றவர்கள் இருந்தார்கள். ரோமாபுரியில் பெண்கள் அரை அவுன்சுக்கு மேல் தங்கம் வைத்துக்கொள்ளக் கூடாது, வண்ண ஆடை கூடாது என்று கி.மு. 215-இல், போர்க்காலத்தில், ஒரு சட்டம் போட்டார்கள். போர் முடிந்த பிறகும் எடுக்கவில்லை. கி.மு. 195-இல் பெண்கள் தெருவுக்கு வந்து வழியை மறித்து நின்று அதை நீக்க வைத்தார்கள். நீக்கக் கூடாது என்று அன்றைய ரோமின் ஆட்சித் தலைவர்களில் ஒருவனான கேட்டோ பேசினான். இவர்களை விட்டால் கைமீறிப் போய்விடுவார்கள் என்பதுதான் அவன் பேச்சின் சாரம். 2,200 வருடத்துக்கு முந்தைய அந்தப் பேச்சைத்தான் இந்த மேடையிலும் தமிழில் கேட்டேன்.

பெண்ணியத் தோழிகள் சிலர் வேறு பக்கத்திலிருந்து வந்தார்கள். அழகு என்பதே வியாபாரிகளின் வலை, அதற்கு நீ வக்காலத்து வாங்குகிறாயா என்று. வியாபாரம் இருக்கிறது, மறுக்கவில்லை. 1975-இலிருந்து நம் பிள்ளைகளைக் கறுப்பு என்று அழவைத்துக் காசு பார்த்த கிரீமின் பெயரை 2020-இல்தான் மாற்றினார்கள். அதைத் திட்டுங்கள், நானும் சேர்ந்து திட்டுகிறேன். ஆனால் முகப்பூச்சு விற்பவன் மீதுள்ள கோபத்தைப் பூசிக்கொள்ளும் பெண் மேல் காட்டாதீர்கள். அவளைத் திட்ட ஏற்கெனவே நிறைய பேர் இருக்கிறார்கள்.

பெரியம்மாவைப் பற்றி இதுவரை எங்கேயும் எழுதியதில்லை. கல்யாணமான கொஞ்ச காலத்திலேயே பெரியப்பா போய்விட்டார். பெரியம்மா எங்களோடு இருந்தார், அம்மா தைக்கும் ரவிக்கைகளுக்குக் கொக்கி வைப்பது அவர் வேலை. பொட்டு கிடையாது, பூ கிடையாது, வெளுத்த சேலை. மயில்கழுத்து நிறப் பட்டுத்துணி வந்தால் மட்டும் கொக்கி வைத்து முடித்ததும் உடனே மடிக்க மாட்டார். ஜன்னல் பக்கம் கொண்டு போய்த் தன் முன்கையின் மேல் போட்டு, இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்ப்பார். யாராவது வந்தால் சட்டென்று மடித்து வைத்துவிடுவார். முப்பது வயதுகூட ஆகாத பெண். அவரை யாரும் திரும்பிப் பார்த்துவிடக் கூடாது என்று ஊர் முடிவு செய்தது. அவரிடம் ஒரு வார்த்தை கேட்டார்களா? கட்டிய பெண் கணவனுக்காக மட்டும் அலங்கரிக்க வேண்டும், கணவன் போனால் அதுவும் கூடாது, வயதுக்கு வந்த பெண் மூட வேண்டும், கீழ்சாதிப் பெண் மூடக் கூடாது. இத்தனைச் சட்டத்தையும் போட்டவர்கள் ஒரே கூட்டம். பண்பாடு என்று நீங்கள் சொல்லும்போது எனக்கு பெரியம்மாவின் நெற்றிதான் தெரிகிறது. அதனால்தான் இவ்வளவு கோபம். இதை மிகை என்று சொல்பவர்கள் தாராளமாக என் நட்பிலிருந்து விலகிக்கொள்ளலாம்.

கடைசியாக, என் சொந்தச் சித்தப்பா பொதுவில் கேட்டிருக்கிறார்: "உன் பொண்ண இப்படி அனுப்புவியாம்மா?" அவள் வேலைக்குப் போகிறவள் சித்தப்பா, அவளுக்குப் பிடித்ததை உடுத்துகிறாள். போன மழைக்காலத்தில் மின்சார ரயிலில் ஒருத்தன் கை வைத்தான். அன்றைக்கு அவள் போட்டிருந்தது கழுத்து வரை மூடிய சுடிதார், இரண்டு தோளிலும் பின் குத்திய துப்பட்டா. வீட்டுக்கு வந்து என் மடியில் அழுதாள். உங்களுக்குத் தெரியும், அம்மா சொன்னார் என்று நீங்களே போன் பண்ணி விசாரித்தீர்கள். அந்த ஆளை மயக்கியது எந்தத் துணி? பொதுவில் கேட்டீர்கள், நானும் பொதுவிலேயே கேட்கிறேன். பதில் சொல்லுங்கள்.