கம்ப்ரஷன் குறைந்தாலே ரீபோர் செய்ய வேண்டுமா?

பழைய மாருதி 800இல் ஒரு சிலிண்டரின் கம்ப்ரஷன் (பிஸ்டன் மேலேறும்போது உள்ளே உண்டாகும் அழுத்தம்) குறைந்துவிட்டால் எஞ்சினை முழுவதும் இறக்கி ரீபோர் (சிலிண்டரின் உட்சுவரைக் கடைந்து அகலப்படுத்துவது) செய்வதைத் தவிர வழியில்லை என்று இங்கே நண்பர் ஒருவர் எழுதியிருப்பதைப் பலரும் வழிமொழிந்திருக்கிறார்கள். அது எப்போதும் சரியன்று. பிஸ்டனைச் சுற்றியிருந்து கசிவைத் தடுக்கும் ரிங் தேய்ந்தாலும் கம்ப்ரஷன் குறையும், காற்று வந்துபோகும் வழியை மூடும் வால்வு தன் சீட்டில் சரியாக உட்காராவிட்டாலும் குறையும். பின்னதற்குப் பெரும்பாலும் சிலிண்டருக்கு மேல்மூடியாக இருக்கும் ஹெட்டை மட்டும் கழற்றினால் போதும்.

இதைப் பணம் கொடுப்பதற்கு முன்பே சோதிக்கலாம். முதலில் டேப்பெட் இடைவெளியை (வால்வுக்கும் அதை அழுத்தும் பாகத்துக்கும் நடுவே விடும் சிறு இடைவெளி) ஃபீலர் கேஜ் என்ற மெல்லிய அளவுத் தகடு வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், ஏனெனில் இடைவெளி இல்லாமல் இறுகியிருந்தாலே வால்வு முழுதாக மூடாது. பிறகு பிளக் துளை வழியாக ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஆயில் விட்டு கம்ப்ரஷன் கேஜில் மறுபடி அளக்கும்போது, முள் முன்பைவிட நன்றாக ஏறினால் ரிங், முன்பு காட்டிய அளவிலேயே நின்றால் வால்வு அல்லது ஹெட்டுக்கு அடியில் கசிவைத் தடுக்கும் ஹெட் கேஸ்கெட் என்று கொள்ளலாம். பிஸ்டன் கம்ப்ரஷன் உச்சியில் நிற்கும்போது அதே துளையில் காற்றழுத்தம் கொடுத்தால் இன்னும் தெளிவாகும்: சைலன்சரில் சீறல் கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வு, ஏர் ஃபில்டர் பக்கம் கேட்டால் இன்லெட் வால்வு, ஆயில் ஊற்றும் மூடி வழியாக வந்தால் ரிங், ரேடியேட்டரில் குமிழி எழுந்தால் கேஸ்கெட்.

சத்துவாச்சாரியில் ஒரு பட்டறையில் எனக்கும் ரீபோர் என்றுதான் சொன்னார்கள்; ஆயில் விட்ட பிறகும் முள் கூடுதலாக ஏறவில்லை, சீறல் சைலன்சரில்தான் கேட்டது. ஒரு வால்வை மாற்றி, சீட்டில் கிரைண்டிங் பேஸ்ட் போட்டுத் தேய்த்ததோடு வேலை முடிந்தது.