பிறக்காத புயலுக்குப் பெயர் சூட்டு விழா

"பத்து நாளில் மும்பையைப் புயல் தாக்கும், வானிலைத் துறை மறைக்கிறது" என்று, புயலுக்குப் பெயரும் சூட்டி, ஒரு வண்ண வரைபடம் தாராவி, மாட்டுங்கா தமிழர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. இது தவறு. படம், வானிலையைக் கணிக்கும் ஒரே கணினி மாதிரியின் ஒரே கணக்கு. அடுத்த கணக்கில் அதே புயல் ஓமன் பக்கம் போகலாம், காணாமலும் போகலாம். தொடக்கத்தில் காற்றையும் ஈரத்தையும் அளப்பதில் நேரும் சிறு பிழை நாளுக்கு நாள் பெருகுகிறது. அதனால்தான் ஆய்வாளர்கள் தொடக்க நிலையைச் சற்றே மாற்றிப் பலமுறை கணக்கிடுகிறார்கள். வானிலைத் துறையும் புயலின் பாதையை, நாளாக நாளாக விரியும் கூம்பாக வரைகிறது. காற்று மணிக்கு 62 கிலோமீட்டரை எட்டும்வரை பெயரே கிடையாது. படத்தைப் பரப்புகிறவர்களுக்கு என்ன அவசரமோ! மும்பைப் பக்கம் புயலே வராது என்பதும் பொய்தான்: 2020 ஜூன் 3 அன்று நிசர்கா புயல் மும்பைக்குத் தெற்கே அலிபாக் அருகே கரையைக் கடந்தது.