அந்தக் கங்காருவை வேறு அணியின் தலையில் கட்டாதீர்கள்!

கால்பந்துப் பதிவு எழுதுபவர்களே, செயலியில் 'போஹிமியன்ஸ்' என்று தட்டி, முதலில் வந்து விழுவதை அப்படியே எடுத்துப் பதிவு போடும் பழக்கத்தை எப்போதுதான் விடப் போகிறீர்கள்? மேலே சிவப்பு-கறுப்புச் சின்னம். கீழே "செக் லீகின் கங்காரு அணி" என்று எழுத்து. அது டப்ளின் அணி ஐயா! 1890-இல் அயர்லாந்தில் தொடங்கியது. அதற்கும் கங்காருவுக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. கங்காரு அணி இருப்பது பிராக் நகரத்து வர்ஷோவிட்ஸேயில். நிறம் பச்சை-வெள்ளை. முழுப்பெயர் போஹிமியன்ஸ் பிராக் 1905. அந்த 1905 அலங்காரத்துக்கு ஒட்டிய எண் அல்ல. ஏன் ஒட்ட வேண்டி வந்தது என்பதற்குக் கீழே வருகிறேன்.

தொடக்கத்தில் அணியின் பெயர் ஏ.எஃப்.கே. வர்ஷோவிட்ஸே. 1927-இல் ஆஸ்திரேலியாவுக்கு ஆடப் போனார்கள். அங்கே வர்ஷோவிட்ஸே என்ற சொல் யார் வாயில் நுழையும்? போஹிமியா என்ற செக் நிலப்பகுதியிலிருந்து வந்தவர்கள் என்ற பொருளில் 'போஹிமியன்ஸ்' என்று ஆடினார்கள். பரிசாக உயிருள்ள கங்காரு இரண்டு கிடைத்தன. ஊர் திரும்பியும் பெயர் ஒட்டிக்கொண்டது, கங்காரு சின்னத்தில் ஏறியது. சின்னத்துக்குப் பின்னால் இருக்கும் கதை இவ்வளவுதான். இதைக்கூட "செக் நாட்டு வனவிலங்கு" என்று எழுதினால் வயிறு எரியாதா?

அடுத்தது செக்கோஸ்லோவாக்கிய ஆட்டக்காரர் பனென்கா. 1976 ஐரோப்பிய நாடுகளின் சாம்பியன்ஷிப் இறுதி, பெல்கிரேடு, எதிரணி மேற்கு ஜெர்மனி, அவர்களின் கோல்கீப்பர் ஸெப் மாயர், நடுவில் மெதுவாகத் தூக்கிப் போட்ட பெனால்டி. இதெல்லாம் சரி. அவர் போஹிமியன்ஸ் ஆட்டக்காரர் என்பதும் சரி. ஆனால் "பனென்கா போஹிமியன்ஸுக்கு லீக் பட்டம் வென்று கொடுத்தார்" என்று எங்கிருந்து பிடித்தீர்கள்? அவர் 1981-இலேயே வியன்னாவின் ராபிட் அணிக்குப் போய்விட்டார். போஹிமியன்ஸ் தன் ஒரே லீக் பட்டத்தை வென்றது 1982–83-இல், பயிற்சியாளர் டோமாஷ் போஸ்பீஹலின் கீழ். அதே பருவத்தில் ஐரோப்பிய கிளப் அணிகள் ஆடும் யூஇஎஃப்ஏ கோப்பையின் காலிறுதியில் ஸ்காட்லாந்தின் டண்டீ யுனைடெடை வெளியேற்றி அரையிறுதிவரை போனார்கள். அங்கே நிறுத்தியது பெல்ஜியத்தின் ஆன்டர்லெக்ட், அந்த ஆண்டு கோப்பையையே தூக்கிய அணி. போஹிமியன்ஸ் பனென்கா இல்லாமல் இதைச் சாதித்தது. அவர்களுடைய உழைப்பைப் பிடுங்கி வேறொருவர் கணக்கில் எழுதுவது எந்த ஊர் நியாயம்?

இனி உண்மையில் கொதிக்க வைக்கும் விஷயம். 2005-இல் பழைய கம்பெனி கடனில் மூழ்கி, அணி பருவத்தின் நடுவிலேயே இரண்டாம் பிரிவிலிருந்து விழுந்தது. ரசிகர்கள் கூட்டுறவாகச் சேர்ந்து, ஆளுக்கு முடிந்ததைப் போட்டுப் பணம் திரட்டினார்கள். மூன்றாம் பிரிவிலிருந்து மறுபடி கட்டியெழுப்பினார்கள். அதே நேரத்தில், போஹிமியன்ஸ் சின்னத்தின் உரிமையைக் கையில் வைத்திருந்த விளையாட்டுச் சங்கம், அதைப் பிராகின் வேறொரு மூலையில், ஸ்ட்ரிஷ்கோவில், 1996-இல் தொடங்கிய ஓர் அணிக்குக் கொடுத்துவிட்டது. அந்த அணி ஒரே நாளில் 'போஹிமியன்ஸ் பிராக்' ஆகிவிட்டது. நூறாண்டு வரலாறு உள்ளவர்கள் பெயருக்குப் பின்னால் அணி தொடங்கிய ஆண்டைச் சேர்த்துத் தங்களைத் தனியாகக் காட்டிக்கொள்ள வேண்டிய நிலை. அந்த 1905 வந்தது அப்படித்தான்.

இது தெரியாமல் புள்ளிவிவரத்தைத் தொட்டால் மொத்தமும் நாறிவிடும். 2008–09 இரண்டாம் பிரிவில் முதலிடம் ஸ்ட்ரிஷ்கோவ் அணி, இரண்டாமிடம் போஹிமியன்ஸ் 1905. இரண்டும் மேலே ஏறின. அதனால் 2009–10 முதல் பிரிவு அட்டவணையில் இரண்டு போஹிமியன்ஸ்! அந்த வசந்த காலத்தில் 1905 அணியுடன் மோத வேண்டிய ஆட்டத்துக்கு ஸ்ட்ரிஷ்கோவ் வரவேயில்லை. புள்ளிகள் பறிக்கப்பட்டன, அணி கீழே இறங்கியது. இந்தத் தண்டனையைக் கொண்டுபோய்ப் பச்சை-வெள்ளை அணியின் வரலாற்றில் ஒட்டுகிறீர்களே, காசு போட்டு அணியைக் காப்பாற்றியவர்கள் என்ன பாவம் செய்தார்கள்? 2005-க்குப் பிந்தைய எந்தத் தகவலையும் எடுக்கும் முன் மைதானத்தைப் பாருங்கள். 1905 அணியின் மைதானமான டியோலிச்செக் என்று இருந்தால் நம்பலாம். மைதானம் யாருக்குச் சொந்தம் என்ற தகராறில் சில காலம் பக்கத்து ஈடன் அரங்கில் ஆடினார்கள், அதையும் கணக்கில் வையுங்கள். ஈடன், இன்னொரு பிராக் அணியான ஸ்லாவியாவின் வீடு. இரண்டு மைதானத்துக்கும் நடந்தே போய்விடலாம். பிறகு பிராக் நகராட்சியே டியோலிச்செக்கை வாங்கியது.

சமீபத்திய நிலவரத்தையாவது ஒழுங்காக எழுதுகிறீர்களா? 'ஃபார்ச்சூனா லீகா' என்று தேடி ஸ்லோவாக்கியா முடிவுகளை அள்ளிப் போடுகிறீர்கள். சில ஆண்டுகள் இரண்டு நாட்டு லீகுக்கும் ஒரே விளம்பரப் பெயர்தான் இருந்தது. செக் லீகின் பெயர் 2024–25-இலிருந்து சான்ஸ் லீகா.

அட்டவணையைப் படிக்கும் முறை இன்னும் மோசம். 16 அணிகள், 30 சுற்று. அதன்பின் மூன்றாகப் பிரிப்பார்கள். முதல் 6 அணிகள் பட்டத்துக்காக, 7 முதல் 10 வரை ஒருவகை நாக்-அவுட், 11 முதல் 16 வரை தப்பிப் பிழைக்க. புள்ளிகள் அப்படியே கூட வரும், ஆனால் குழு மாறாது. கீழ்க் குழுவுக்கு இன்னும் 5 ஆட்டங்கள் இருப்பதால், 11-ஆம் இடத்து அணி 10-ஆம் இடத்து அணியைவிட அதிகப் புள்ளி எடுத்து முடிக்கலாம். அப்போதும் அது 11-தான். புள்ளியை வைத்து மறுபடி வரிசைப்படுத்திவிட்டு "தவறான அட்டவணை" என்று கத்துவது உங்கள் தவறு. 16-ஆமிடம் நேராக இறங்கும். 14-உம் 15-உம் இரண்டாம் பிரிவு அணிகளோடு இரண்டு ஆட்டம் மோத வேண்டும். 2020–21-ஐ இதில் சேர்க்காதீர்கள், அந்தப் பருவம் 18 அணிகள், பிரிப்பே கிடையாது.

'கடைசி 5 ஆட்டம்' என்ற கட்டமும் அப்படித்தான். டிசம்பரில் லீக் நின்றுவிடும், ஜனவரி கடைசியிலோ பிப்ரவரியிலோதான் மறுபடி தொடங்கும். நடுவில் ஆடும் பயிற்சி ஆட்டங்களையும் சில செயலிகள் அதில் சேர்த்துவிடும். அதைப் பார்த்து "அசத்தல் ஃபார்ம்" என்று எழுதாதீர்கள். லீக் ஆட்டம் மட்டும் என்று வடிகட்டிப் பாருங்கள்.

இந்த அணியின் உண்மையான ஏற்ற இறக்கம் சாதாரணமானதா? 2013–14 முதல் இடைவிடாமல் முதல் பிரிவில் இருக்கிறது. 2022-இல் இரண்டாம் பிரிவின் ஓபாவாவுடன் மோதித்தான் தப்பித்தது. அடுத்த பருவமே பயிற்சியாளர் யாரோஸ்லாவ் வெஸெலியின் கீழ் நான்காமிடம்! ஸ்பார்ட்டா, ஸ்லாவியா, பில்சென் என்ற பணக்காரர்கள் மூவருக்கு அடுத்தபடியாக. ஐரோப்பிய கிளப் போட்டியான கான்ஃபரன்ஸ் லீகின் தகுதிச்சுற்றில் நார்வேயின் போடோ/கிளிம்ட் வெளியேற்றியது. அதன்பின் அந்த நான்காமிடம் திரும்பவில்லை. இதை இதே அளவில் எழுதினாலே போதும், படிக்க யாரும் மறுக்கப் போவதில்லை.

இப்போதே போய்ப் பழைய பதிவுகளைத் திருத்துங்கள். முதலில் அந்தச் சிவப்பு-கறுப்புச் சின்னத்தை எடுங்கள்.