இருபது லட்சம் கடனா, இலவச சீட்டா?

பெரிய பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தால் கடன் வாங்கியாவது சேர்த்துவிடுங்கள், ஸ்காலர்ஷிப்புக்கு மயங்காதீர்கள் என்று உங்கள் கட்டுரையில் சுலபமாகச் சொல்லிவிட்டீர்கள். நாங்கள் கேரளாவில் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம், தென்னையும் நாலு மாடும்தான் வருமானம். வீட்டில் பேசுவது தமிழ், ஆனால் பிள்ளைகள் படித்தது கேரளாவில், அதனால் பொறியியல் சேர்க்கையில் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடும் கட்டணச் சலுகையும் எங்களுக்குக் கிடையாது.

மகளுக்குப் பெயர்பெற்ற தனியார் பல்கலைக்கழகம் ஒன்றில் இடம் வந்தது, விடுதியோடு சேர்த்து நாலு வருடத்துக்கு 20 லட்சம். 10 சதவீத வட்டியில் 10 வருடத்துக்குப் போட்டுப் பார்த்தேன், மாதத் தவணை மட்டும் சுமார் 26,000, அதுவும் படிக்கும் காலத்தில் ஏறும் வட்டியைச் சேர்க்காமல்! ஐஐடி என்றால் கணக்கே வேறு, அங்கே குடும்ப வருமானம் 5 லட்சத்துக்குள் இருந்தால் பி.டெக் படிப்புக் கட்டணத்தில் மூன்றில் இரண்டு பங்கு தள்ளுபடி, 1 லட்சத்துக்குள் என்றால் முழுசும். கிடைத்திருந்தால் கண்ணை மூடிக்கொண்டு சேர்த்திருப்பேன்.

கடைசியில் கோவையில் முழு ஸ்காலர்ஷிப் தந்த கல்லூரிக்கே போனாள், எல்லையோரத்து வேலந்தாவளம் வழியாகத் தினமும் பஸ். சரி, அதிலும் ஒரு கொக்கி. ஒவ்வொரு செமஸ்டரும் சிஜிபிஏ, அதாவது பத்துக்கு எடுக்கும் சராசரி மதிப்பு, 8க்குக் குறையக் கூடாதாம், சேரும்போது யாரும் வாயைத் திறக்கவில்லை. இரண்டாவது செமஸ்டரில் 7.8 வந்தது, பாதிக் கட்டணம் கட்டு என்றார்கள். ஒரு மாட்டை விற்றுக் கட்டினேன். அடுத்த முறை 8.4 எடுத்துவிட்டாள். இளையவனுக்குச் சீட்டுப் பார்க்கும்போது, நிபந்தனையை எழுத்தில் கொடுங்கள் என்றுதான் முதலில் கேட்கப்போகிறேன்.