எல்லாரும்னா எத்தனை பேர்டா?

அக்கா பையன் இன்ஜினியரிங் இரண்டாம் வருஷம், ஓஎம்ஆர் பக்கம் ஹாஸ்டல். போன மாசம் வந்து நின்றான், செமஸ்டர் ஃபீஸில் 8,000 குறையுது மாமா, அம்மாகிட்ட சொல்லிடாதீங்க என்று. துருவித் துருவிக் கேட்டதில் கிரிக்கெட் பெட். திட்ட வாயெடுப்பதற்குள் முந்திக்கொண்டான்: "ஹாஸ்டல்ல எல்லாரும்தான் மாமா போடுறாங்க."

எல்லாரும்னா எத்தனை பேர்டா? எண்ணச் சொன்னேன். 30 பேர் இருக்கும் வாட்ஸப் குரூப்பில் தேறியது 7 பேர். மிச்சம் 23 பேர்? "அவங்க எதுவும் பேச மாட்டாங்க மாமா."

எப்படிப் பேசுவார்கள்? ஜெயித்தவன் ஸ்க்ரீன்ஷாட் போட்டால் அடுத்த நிமிஷமே 'ட்ரீட் எப்போ மச்சான்' என்று வரிசை கட்டுகிறது. தோற்றவன் போட்ட ஸ்க்ரீன்ஷாட்டை யாராவது பார்த்திருக்கிறீர்களா, இல்லை, ஆடாதவன்தான் 'இன்னைக்கும் நான் ஆடலை' என்று ஸ்டேட்டஸ் வைப்பானா? கண்ணில் படுவது அந்த 7 பேர், அதுவும் அவர்கள் ஜெயித்த நாள் மட்டும்.

மேரி லாரிமர், கிளேட்டன் நெய்பர்ஸ் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் 2003-லேயே அமெரிக்கக் கல்லூரி மாணவர்களிடம் இதைப் பார்த்து எழுதிவிட்டார்கள். கூடப் படிப்பவர்கள் ஆடுவதை மாணவர்கள் நிஜத்தைவிட அதிகமாகவே நினைத்துக்கொள்கிறார்கள், அப்படி நினைப்பவர்கள்தான் அதிகம் ஆடவும் செய்கிறார்கள். (நம்மூரில் லாட்டரிச் சீட்டை ஒழித்ததும் அதே 2003-இல்தான்.)

சட்டத்துக்கும் குறைச்சல் இல்லை. 2023-இல் ஆன்லைன் சூதாட்டத்துக்குத் தமிழ்நாடு தடை போட்டது, அதே வருஷ நவம்பரில் ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டம் என்று சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது, 2025 ஆகஸ்டில் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டம் மொத்தத்தையும் மத்திய அரசு தடை செய்தது. சரி, தடைதான் இருக்கே என்றால் சிரிக்கிறான், டெலிகிராமில் லிங்க் வருமாம். தடை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஆடுபவன் கெத்து, ஆடாதவன் பயந்தாங்கொள்ளி என்று ரூமுக்குள் ஓடும் கணக்கை எந்தச் சட்டம் தொடும்? ஆட்டத்தின் கெடுதலைப் பற்றி கல்லூரியில் எத்தனை செமினார் வேண்டுமானாலும் நடத்தட்டும், அந்த 23 பேரில் 2 பேர் குரூப்பில் வாயைத் திறந்தால் அதைவிட நன்றாக வேலை செய்யும் என்று தோன்றுகிறது.

பணத்தைக் கட்டிவிட்டேன். அக்காவிடமும் சொல்லவில்லை, அது சரியா தப்பா தெரியவில்லை. கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டான்: "தீபாவளி ராத்திரி மொட்டை மாடியில காசு வச்சு மூணு சீட்டு ஆடுவீங்களே மாமா, அது மட்டும் என்னவாம்?"

அப்போது அவனுக்கு 8 வயசு இருக்கும். என் மடியில் உட்கார்ந்து சில்லறை எண்ணிக்கொடுத்தவனே அவன்தான்.